ஏழு மணிக்குப் பொதுக்குழு

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களே கண்டுபிடித்து, "மறைக்கப் பார்த்தான்" என்று சொல்லக்கூடாது பாருங்கள். ஓட்டுப் போடுவதற்கு முந்தின நாளே, ஜெயித்தால் போட்டுக்கொள்ள எனக்கு நானே மாலை வாங்கி வைத்தவன் நான்.

வேலூர் பூ மார்க்கெட்டில் தோளகலத்தைக் காட்டி, தொங்க வேண்டிய நீளத்தையும் சொல்லி, நடுவில் ரோஜாக் கொத்து வைத்துக் கட்டச் சொன்ன மாலை. கட்டியவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மாப்பிள்ளைக்கா சார்?" என்றார்.

"அது மாதிரிதான்" என்றேன்.

இதற்கு முன்பு சங்கத் தேர்தலில் நான் ஜெயித்தபோதெல்லாம் மாலை வாங்கும் பொறுப்பு அன்வருடையது. எங்கள் ஷூ கம்பெனியில் அச்சில் ஏற்றும் லாஸ்டிங் செக்‌ஷனில் வேலை செய்கிறவன், என் தோஸ்த். அவன் வாங்கும் மாலை என் தலைக்குள் இறங்காது. காது வரை வந்து கிரீடம் போல நிற்கும். போட்டோவில் நான் செயலாளர் மாதிரி இருக்க மாட்டேன், நாடகத்தில் எமதர்மன் வேஷம் கட்டியவன் மாதிரி இருப்பேன்.

பாகாயத்தில் என் வீட்டு ஃபிரிட்ஜில் மாலையை வைக்கப் போனபோது மனைவி கேட்டாள்.

"இன்னாத்துக்கு மாலை?"

"எலெக்‌ஷன்ல ஜெயிச்சதுக்கு."

"எண்ணிட்டாங்களா?"

"நாளைக்குத்தான் ஓட்டே போடறாங்க."

அவள் மாலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "மாவு குண்டான கொஞ்சம் நகத்தி வெச்சிக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரம். கம்பெனி கேன்டீனில் மேஜைக்கடியில் பையில் மாலை. சாம்பார் வாசனைக்கும், எங்கள் சட்டையை விட்டு எந்தச் சோப்புக்கும் போகாத, ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாசனைக்கும் நடுவே மல்லிகை மட்டும் தனியாக மணத்துக்கொண்டிருந்தது. எதிரே கேன்டீன் நிறையப் பெண்கள். எங்கள் சங்கத்தின் பொதுக்குழுவில் பெண்கள் வந்து உட்கார்ந்து ஓட்டுப் போட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

என்னைப் பார்க்கத்தான் இவ்வளவு கூட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் யாரையும் தடுக்கவில்லை

போன வாரம் நான் ஸ்கூட்டர் பழகிய கதையைப் படித்துவிட்டு, "எதையுமே நேராகச் சொல்ல மாட்டீர்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நேராகப் போகத் தெரிந்திருந்தால் அந்த ஸ்கூட்டர் ஏன் கால்வாயில் விழப்போகிறது? ஆகவே கேன்டீனை அப்படியே விட்டுவிட்டுக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

எங்கள் கம்பெனி பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர் போகும் ரோட்டின் மேல் இருக்கிறது. நாங்கள் பார்த்தேயிராத ஊர்க்காரர்களின் கால்களுக்கு ஷூ தைக்கிறோம். தோலை வெட்டுவது ஆண்கள், கடைசியில் அச்சில் ஏற்றி அடிப்பாகம் ஒட்டுவதும் ஆண்கள். நடுவில் இருக்கும் அத்தனை தையலும் பெண்கள். தலையை எண்ணினால் பெண்கள்தான் ஜாஸ்தி. சங்கத்துக்கு மாதச் சந்தாவும் அவர்களிடமிருந்துதான் ஜாஸ்தி.

எங்கள் சங்க விதிகளில் ஆணென்றும் பெண்ணென்றும் பேதமே கிடையாது. உறுப்பினர் என்றால் ஓட்டு உண்டு. இதில் எனக்கு அபாரமான பெருமை. மகளிர் தினத்தன்று கோலப் போட்டிக்குப் பரிசு கொடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தால் லேசில் விட மாட்டேன். வெளிநாட்டுப் பெண்கள் ஓட்டுக்காகச் சிறைக்குப் போனதைச் சொல்வேன், பட்டினி கிடந்ததைச் சொல்வேன். நம் மதராஸ் மாகாணத்தில் அந்தக் காலத்திலேயே பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தார்கள், ஆனால் சொத்து இருந்தால்தான் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக் கொஞ்சம் வருத்தமும் படுவேன். "இன்று அப்படியா? நம் சங்கத்தில் அப்படியா?" என்று முடிப்பேன். கைதட்டல் பலமாக இருக்கும். கைதட்டி முடித்ததும் வடை கொடுப்பார்கள் என்பதும் ஒரு காரணம்.

சரி, அந்த ஓட்டை எப்போது போடுவது? ஐந்தரைக்குச் சங்கு ஊதும். ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ்கள் கிளம்பிவிடும். பெண்கள் எல்லோருமே பஸ்ஸில் போகிறவர்கள். ஆண்கள் எல்லோரும் பைக். பொதுக்குழு ஏழு மணிக்கு.

ஏழு மணி என்பதை யாரும் சதி செய்து வைக்கவில்லை. சதி செய்யும் அளவுக்கு எங்களில் யாருக்கும் மூளை கிடையாது. கையில் ஒட்டிய சொல்யூஷனைத் தேய்த்துக் கழுவ வேண்டும், டீ குடிக்க வேண்டும், ஒரு போண்டா, அதன் மேல் கொஞ்சம் நாட்டு அரசியல். எல்லாம் முடியும்போது தானாக ஏழாகிவிடும். அன்றைய கூட்டக் குறிப்பில் நானே என் அழகான கையெழுத்தில், "பெண் உறுப்பினர்கள் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. ஏகமனதாக நிறைவேறியது" என்று எழுதுவேன். எதிர்க்க வேண்டியவர்கள் அப்போது வீட்டில் அடுப்புப் பற்ற வைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஜெயித்ததற்கு ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வரும். மிஞ்சியது மறுநாள் காலை தையல் செக்‌ஷனுக்குப் போகும். ஜீரா வற்றிப்போன பேடா. அதையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார்கள். பெண்கள் மத்தியில் எனக்கு நல்ல செல்வாக்கு என்று நான் நம்பியது அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான்.

சொத்து இருந்தால் ஓட்டு என்றது அந்தக் காலம். பைக் இருந்தால் ஓட்டு என்று வைத்திருந்தது எங்கள் சங்கம். இது எனக்கு உறைக்க ஒரு கஸ்தூரி வர வேண்டியிருந்தது.

மெஷினுக்குப் போட்ட ஓட்டு

கஸ்தூரிக்கு முன்னால் என் மனைவியைப் பற்றி இரண்டு வார்த்தை. அவளுக்கு ஆற்காட்டுப் பக்கம் கலவை என்கிற ஊர். கல்யாணமான நாளிலிருந்து எந்தத் தேர்தலிலும் யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்காமலும் இருந்ததில்லை.

ஒருமுறை வாக்குச்சாவடிக்குப் போகும் வழியெல்லாம் நாட்டு நிலைமையை அவளுக்கு விளக்கிக்கொண்டே போனேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் பின்னால் வந்ததால் கொஞ்சம் சத்தமாகவே விளக்கினேன். அவளும் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். திரும்பி வரும்போது விரல் மையை ஊதிக் காய வைத்துக்கொண்டிருந்தவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"யாருக்குப் போட்ட?"

"மெஷினுக்கு."

"அது தெரியுது. மெஷின்ல யாருக்கு?"

"நீ சொன்னதெல்லாம் கேட்டுக்கினேன் இல்ல? அப்புறம் இன்னா?"

இன்றுவரை பதில் அவ்வளவுதான். ஒரே வீட்டில் இருக்கும் ஒரே ஓட்டைத் தெரிந்துகொள்ள முடியாதவன், ஒரு கம்பெனிப் பெண்களின் ஓட்டெல்லாம் தன் சட்டைப் பையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

பஸ்ஸா, ஷெட்டா?

தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு எச்.ஆர். மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், பாதாம் பால் வரவழைத்தார். பாதாம் பால் வந்தால் யாருக்கோ எதுவோ போகப்போகிறது என்று அர்த்தம். ஒடுகத்தூர் பக்கம் போகும் பஸ்ஸை நிறுத்தப் போவதாகச் சொன்னார். டீசல் செலவு கட்டுப்படியாகவில்லையாம். அந்தப் பக்கத்துப் பெண்கள் டவுன் பஸ் பிடித்து வரட்டும் என்றார்.

"யூனியன் சரின்னு ஒரு தீர்மானம் போட்டுக் குடுத்தா போதும் சம்பத். டீசல்ல மிச்சமாகறதுல பைக் ஸ்டாண்டுக்கு ஷெட் போட்டுடலாம்."

வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாயங்காலம் ஐந்தரைக்கு எங்கள் பைக் சீட்டில் உட்காருவதும் தோசைக்கல்லில் உட்காருவதும் ஒன்றுதான். நாங்கள் முதலில் உட்கார மாட்டோம், கையை ஊன்றிப் பார்ப்போம். ஆகவே ஷெட் என்றதும் உடம்பின் பின்பாகம்தான் எனக்கு முன்னால் முடிவெடுத்தது. "பார்த்துக்கலாம் சார்" என்றேன்.

இரண்டாம் நாள் தண்ணீர்க் குழாயடியில் கஸ்தூரி என்னை நிறுத்தினாள். தையல் செக்‌ஷன், முப்பது வயதிருக்கும். ஒடுகத்தூருக்கும் அப்பால் மலையடிவாரத்தில் ஊர்.

"ணா, எங்க பஸ்ஸ நிறுத்தப் போறாங்களாமே."

"யாரு சொன்னது?"

"டிரைவர் சொன்னாரு."

"அதெல்லாம் யாரும் தனியா முடிவு பண்ண முடியாதும்மா. பொதுக்குழுவுல வெச்சி, எல்லாரும் கை தூக்கித்தான் முடிவு."

"எப்பணா?"

"வெள்ளிக்கிழமை. கமிட்டி எலெக்‌ஷனும் அன்னிக்குத்தான். ஏழு மணிக்கு."

"ஏழு மணிக்கு நான் ஊட்ல களி கிண்டிக்கினு இருப்பேன். அங்கேர்ந்து கைய தூக்கினா உங்களுக்குத் தெரியுமா?"

நான் நன்றாகச் சிரித்தேன். நகைச்சுவையை ரசிக்கத் தெரிந்தவன் என்று எனக்குப் பெயர் உண்டு. அவள் சிரிக்கவில்லை.

"ஊர்த் திருப்பத்துல ஏத்திக்கினு, அங்கியே எறக்கி உடறாங்கன்னுதான் எங்க மாமனார் என்ன வேலைக்கு உட்டுக்கீறாரு. டவுன் பஸ்ஸுன்னா ரெண்டு மாத்தி ஏறணும், ஊருக்குள்ள நடக்கணும். போதும், ஊட்ல இருன்னுடுவாரு. எனக்கு மட்டும் இல்லணா, அந்தப் பஸ்ல வர்ற எல்லாத்துக்கும் இதே கததான். பஸ் நின்னா வேலையும் நின்னுடும்."

"பார்த்துக்கலாம்மா" என்றேன்.

ஒரே வாரத்தில் மேனேஜருக்கும் அதே வார்த்தை, கஸ்தூரிக்கும் அதே வார்த்தை. சங்கச் செயலாளராக இருக்க வேறு தகுதி எதுவும் வேண்டாம்.

பஸ் காலியாகப் போன நாள்

வெள்ளிக்கிழமை சங்கு ஊதியது. பெண்கள் டிபன் பையோடு வெளியே வந்தார்கள். பஸ் நிற்கும் பக்கம் போகவில்லை. நேராக வந்து, பொதுக்குழுவுக்காக நாங்கள் விரித்திருந்த ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். ஜமக்காளம் போதவில்லை. மண்ணில் உட்கார்ந்தார்கள்.

டிரைவர்கள் ஹாரன் அடித்துப் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஊர்ப் பக்கம் போய் அவர்கள் அடுத்த கம்பெனி டிரிப் எடுக்க வேண்டும். ஐந்தே முக்காலுக்குப் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாகவே கிளம்பிப் போயின.

"இன்னாம்மா இது, பஸ் போயிட்சே" என்றேன்.

"பொதுக்குழுணா" என்றாள் கஸ்தூரி. "ஏழு மணிக்கின்னு நீங்கதான சொன்னீங்க?"

அன்வர் கையில் டீ கிளாஸோடு ஓடி வந்தான். "இவங்கெல்லாம் ஊட்டுக்கு எப்பிடிடா போவாங்க?"

"நம்ம பைக்ல ஆளுக்கு ஒருத்தரா..." என்று ஆரம்பித்தேன். விளக்கு வைத்த பிறகு அடுத்த வீட்டு மருமகளைப் பைக்கில் பின்னால் உட்கார வைத்து, அவள் மாமனார் வாசலில் கொண்டுபோய் இறக்கும் தைரியம் எங்கள் கமிட்டியில் யாருக்கு இருக்கிறது? பெண்ணை இறக்கி விடலாம். அதன் பிறகு நாங்கள் திரும்பி வர வேண்டும் இல்லையா?

காலிப் பஸ் ஊர் போய்ச் சேர்ந்ததும் போன்கள் அடிக்கத் தொடங்கின. மேனேஜர் அறையிலிருந்து இறங்கி வந்தார். எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆட்கள் தொழிற்சாலையைப் பார்வையிட வரும் சமயம் அது. இருட்டில் இத்தனை பெண்கள் கேட் முன்னால் உட்கார்ந்திருப்பதை யாராவது போட்டோ எடுத்து அனுப்பினால் என்ன ஆகும் என்று என் காதில் சொன்னார். அன்றைக்குப் பாதாம் பால் இல்லை.

ஏழு அடிப்பதற்குள் டி.வி.எஸ். மொபெட்டுகள் வந்தன, ஷேர் ஆட்டோக்கள் வந்தன, வாழைத்தார் ஏற்றும் மினி லாரி ஒன்று வந்தது. அப்பாக்கள், புருஷன்கள், அண்ணன்கள். முதலில் இறங்கியவர் தலையில் துண்டு கட்டியிருந்தார். கஸ்தூரியின் மாமனார்.

"யார்யா இங்க சம்பத்து?"

அன்வர் என்னை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

"நான்தாங்க."

"நீதானா? பொம்பளைங்கள இந்நேரத்துக்கு ஒக்கார வெச்சிக்கினு இன்னாய்யா பண்ணிக்கினுகீற?"

"பெரியவரே, நான் ஒக்கார வெக்கல. அவங்களா ஓட்டுப் போட..."

"ஓட்டு போடறதுக்கு உனுக்கு வேற நேரமே கெடைக்கலியா? ஊரு நாடெல்லாம் பகல்லதான ஓட்டு போடுது?"

போண்டாவைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று பட்டது.

"எம் மருமவ ஓட்டு போட்டா இன்னா, போடாட்டி இன்னா. எனுக்கு அதப் பத்தி இல்ல. அஞ்சே முக்கா பஸ்ல வந்து எறங்கணும். பகல்ல வெச்சித் தொலைங்கய்யா உங்க எலெக்‌ஷன."

பின்னால் நின்ற கூட்டம், "ஆமாய்யா, பகல்ல வையி" என்றது. என் பதினைந்து வருடச் சங்க வாழ்க்கையில் நிஜமாகவே ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான். மேனேஜர் அங்கேயே ஒத்துக்கொண்டார். அடுத்த வாரம், சாப்பாட்டு நேரம், கேன்டீன். முதலில் தேர்தல். பஸ் விஷயத்தைப் புதுக் கமிட்டி முடிவு செய்யட்டும்.

ஓட்டுரிமைக்காகப் பெரிய பெரிய மனிதர்கள் பாடுபட்ட வரலாற்றை மைக்கில் பேசியவன் நான். எங்கள் கம்பெனியில் அதை வாங்கிக் கொடுத்தது, ராத்திரிச் சாப்பாடு நேரத்துக்கு வேண்டும் என்று கோபித்துக்கொண்ட மாமனார்கள். கொடுத்தோம் என்பதே அவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

மாமனாரின் மொபெட்டில் பின்னால் ஏறிய கஸ்தூரி, பையை மடியில் வைத்துக்கொண்டு, பயந்த மருமகள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பிளான் பண்ணிட்டாங்கடா" என்றான் அன்வர்.

"சேச்சே. யதேச்சையா நடந்தது" என்றேன். ஓட்டு எண்ணிய நாள்வரை அப்படித்தான் நம்பினேன். செயலாளர் பதவிக்குக் கஸ்தூரி என்னை எதிர்த்து நின்ற பிறகும்.

கறுப்புத் தோல், பழுப்புத் தோல்

கை தூக்கும் முறை வேண்டாம் என்றும் அவளே சொன்னாள். "கைய தூக்கினா சூப்பர்வைசர் பாக்கறாரு, சொந்தக்காரங்க பாக்கறாங்க. யாரும் பாக்காத மாதிரி போடணும்."

அதற்கு வழி அன்வர் கண்டுபிடித்தான். கட்டிங் செக்‌ஷனில் வெட்டி விழும் துண்டுத் தோல். கறுப்பு என்றால் சம்பத், பழுப்பு என்றால் கஸ்தூரி. ஆளுக்கு இரண்டு நிறத்திலும் ஒவ்வொரு துண்டு. அண்டா வைத்திருக்கும் மறைப்புக்குப் பின்னால் போக வேண்டும். வேண்டியவரை ஷூ டப்பாவுக்குள் போட வேண்டும், வேண்டாதவரைக் கழிவுச் சாக்கில் போட வேண்டும். கறுப்பை நானே கேட்டு வாங்கினேன். அந்த சீசன் முழுக்கக் கறுப்பு ஆர்டர், எங்கு பார்த்தாலும் கறுப்புத் தோல். மெஜாரிட்டி என்று நான் நினைத்தது அதைத்தான்.

ஆக, நீங்கள் கேன்டீனில் விட்டுவிட்டு வந்த இடத்துக்கு வந்துவிட்டோம். வரிசை நகர்ந்தது. சிரிப்பும் கிசுகிசுப்புமாக வந்த பெண்கள் மறைப்புக்குள் போகும்போது பேச்சை நிறுத்தினார்கள். இன்னும் கல்யாணமாகாத ஒரு சின்னப் பெண், உள்ளே போய் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. "இன்னாம்மா, எத போடறதுன்னு தெரியலியா?" என்று அன்வர் குரல் கொடுத்தான்.

"தெரியும். கொஞ்சம் இருங்க" என்று பதில் வந்தது. அவசரப்படாமல் போட்டுவிட்டு வந்தாள்.

ஷூ டப்பாக்களை மேஜையில் கவிழ்த்தார்கள். எண்ணத் தேவையே இருக்கவில்லை. மேஜை முழுக்கப் பழுப்பு. நடுவில் அங்கங்கே கறுப்பு, வெண்பொங்கலில் மிளகு மாதிரி. இருந்தும் விதி என்று ஒன்று இருக்கிறதே.

"உன்னோடத மொதல்ல எண்றேன். சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றான் அன்வர்.

அங்கிருந்த ஆண்களின் தலையைவிடக் கறுப்புத் துண்டுகள் கம்மியாக இருந்தன. நான் அன்வரைப் பார்த்தேன். அவன் ரொம்ப அக்கறையாகத் தோலை எண்ணிக்கொண்டிருந்தான்.

தோற்றாலும் பெருந்தன்மையாகத் தோற்க வேண்டும் என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது. பையிலிருந்து மாலையை எடுத்தேன். இரண்டு கையாலும் உயரப் பிடித்துக்கொண்டு கஸ்தூரியை நோக்கி நடந்தேன். கேன்டீனில் பேச்சு நின்றுபோனது. தட்டு கழுவுகிற சத்தம்கூட நின்றது. ஏன் இத்தனை அமைதி என்று யோசித்தபடி அவள் கழுத்துக்கு ஒரு முழம் தூரம் வரை போன பிறகுதான், ஊரறிய ஒரு ஆண் ஒரு பெண்ணுக்கு மாலை போட்டால் அதற்கு என்ன பெயர் என்பது நினைவுக்கு வந்தது. அதுவும் மாப்பிள்ளை மாலை. அவள் புருஷனின் சித்தப்பா மகன் கட்டிங் செக்‌ஷன். சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றிருந்தான்.

தூக்கிய கையை இறக்கவும் தெரியாமல், முன்னால் நீட்டவும் முடியாமல் நின்றேன்.

"கையில குடுங்கணா" என்றாள் கஸ்தூரி மெதுவாக.

கொடுத்தேன். அவள் அதை அங்கேயே அறுத்தாள். ஒரு சரம் இவளுக்கு, ஒரு கொத்து அவளுக்கு. இரண்டாம் சங்கு ஊதுவதற்குள் மாலையில் நாரைத் தவிர எதுவும் மிச்சமில்லை. அன்று சாயங்காலம் வரை தையல் செக்‌ஷனில் சொல்யூஷன் வாசனையே தெரியவில்லை என்று சொன்னார்கள். என் பதவிக் காலத்தில் தொழிலாளர் நலனுக்கு நான் செய்த பெரிய காரியம் அதுதான்.

சீட்டின் மேல் தண்ணீர்

புதுக் கமிட்டி முதல் வேலையாக மேனேஜரிடம் போய், பஸ்ஸை நிறுத்தச் சம்மதமில்லை என்று சொல்லிவிட்டு வந்தது. பாதாம் பால் கொடுத்தாராம். குடித்துவிட்டுத்தான் சொன்னார்களாம். பஸ் ஓடுகிறது. ஷெட் வரவில்லை.

சித்திரை மாதத்து ஒரு சாயங்காலம். வாட்டர் பாட்டிலில் இருந்த தண்ணீரைப் பைக் சீட்டில் ஊற்றி, அது சுர்ரென்று காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒடுகத்தூர் பஸ், எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்துவிட்டுக் கடைசியாக ஏறப் போனாள் கஸ்தூரி. பதவி போனாலும் பதவிக்காரன் வாய் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? கூப்பிட்டேன்.

"கஸ்தூரி, மேனேஜர் நம்ம ஆளுதாம்மா. ரொம்ப நாள் பழக்கம். இனிமே உங்களுக்கு எதுனா வேணும்னா கூச்சப்படாம என்ன ஒரு வார்த்தை கேளுங்க. நான் பேசி வாங்கித் தர்றேன்."

அவள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"யாரையும் கேக்க வேணான்னுதான்ணா ஓட்டு."